அல்லாஹ்வின் கை, அல்லாஹ்வின் முகம்: யூதர்கள் என்ன புரிந்தார்கள்? நாம் என்ன புரிய வேண்டும்?





பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் படிக்கிற நம் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு வருகிற கேள்வி ஒன்று உண்டு. ரேனியஸ் ஐயரும் கால்டுவெல் ஐயரும் உழைத்த மண் இது. நம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவன் பெரும்பாலும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை. அவன் பைபிளின் முதல் அதிகாரத்தைக் காட்டுகிறான். இறைவன் மனிதனைத் தன்னுடைய சாயலில், தன்னுடைய ரூபத்தில் படைத்தான் என்ற கருத்து அங்கே இருக்கிறது. "உங்க அல்லாஹ்வுக்கு உருவம் இல்லைங்கிறீங்க. இது மூஸா நபியோட வேதம்தானே?" என்று கேட்கிறான்.

பிள்ளை வீட்டில் வந்து கேட்டால் வாப்பா என்ன சொல்கிறார்? "அதெல்லாம் யூதனுங்க மாத்தி எழுதினது, நீ படிப்பைப் பாரு." பேச்சு முடிந்தது.

முடிந்ததா? இன்றைக்கு இருக்கும் தவ்ராத் முழுவதும் அல்லாஹ் இறக்கியபடியே இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை, அது நம் அகீதா. ஆனால் அதே பிள்ளை நாளைக்கு ஸஹீஹுல் புகாரியைத் திறக்கிறான். அல்லாஹ் ஆதமை "அவனது ஸூரத்தில்" படைத்தான், அவருடைய உயரம் 60 முழம் என்ற கருத்துள்ள ஹதீஸ் அங்கே 6227வது எண்ணில் இருக்கிறது. முஸ்லிமிலும் இருக்கிறது. இப்போது வாப்பா என்ன சொல்வார்? யூதர்கள் வந்து புகாரியையும் மாற்றினார்கள் என்றா சொல்ல முடியும்?

அதனால்தான் இன்றைய ஜும்ஆவில் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

ஒரு யூத அறிஞரும் நபிகளாரின் சிரிப்பும்

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரியிலும் (4811) முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. யூத அறிஞர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். வானங்களை அல்லாஹ் ஒரு விரலில் வைப்பான், பூமிகளை ஒரு விரலில், மரங்களை ஒரு விரலில், நீரையும் மண்ணையும் ஒரு விரலில், மற்ற படைப்புகளை ஒரு விரலில் வைத்து, நானே அரசன் என்பான் என்று எங்கள் வேதத்தில் காண்கிறோம் என்றார். நபி (ஸல்) அவர்கள் கடவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பிறகு ஸூரத்துஸ் ஸுமரின் 67வது ஆயத்தை ஓதினார்கள்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? ஆயிரம் வருடத்துக்கு மேலாக நம் உலமாக்கள் இதைப் பேசி வருகிறார்கள்.

அந்த அறிஞர் சொன்னதை உண்மைப்படுத்தும் விதமாகச் சிரித்தார்கள் என்று அறிவிப்பிலேயே ஒரு சொல் வருகிறது. இப்னு குஸைமா (ரஹ்) போன்றவர்கள் அதை அப்படியே எடுத்தார்கள். இமாம் கத்தாபி (ரஹ்) அவர்களோ, அந்தச் சொல் அறிவிப்பாளர் தாம் புரிந்துகொண்டதைச் சொன்னது என்றார்கள். அல்லாஹ்வின் வல்லமையை விரல் கணக்கில் அளந்து சொல்கிறாரே என்ற வியப்பில் வந்த சிரிப்பு அது என்று சொன்னவர்களும் உண்டு. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரத்தைக் கவனியுங்கள். நபியவர்கள் ஓதிய ஆயத் எப்படித் தொடங்குகிறது? அல்லாஹ்வை மதிக்க வேண்டிய விதத்தில் அவர்கள் மதிக்கவில்லை என்ற கருத்தில் தொடங்குகிறது. எப்படித் தொடர்கிறது? கியாமத் நாளில் பூமி முழுவதும் அவன் பிடியில், வானங்கள் அவன் வலக்கையில் சுருட்டப்பட்டிருக்கும் என்ற கருத்தில் தொடர்கிறது. தொடக்கம் மறுப்பவர்களுக்கு ஆதாரம், தொடர்ச்சி ஏற்பவர்களுக்கு ஆதாரம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இரண்டு கருத்தையும் எழுதிவைத்தார்கள். ஒரு தரப்பை மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளவில்லை.

யூதர்கள் எல்லோரும் ஒன்றா?

நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கும் வாசகம்: "யூதர்கள் அல்லாஹ்வுக்கு உருவம் கற்பித்தார்கள்." இது பாதி உண்மை. பாதி உண்மையை மிம்பரில் முழுதாகச் சொல்லக்கூடாது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று அல்லாஹ் மாயிதா 8வது ஆயத்தில் கட்டளையிடுகிறான். வேதக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் அனைவரும் சமமல்ல என்று ஆலு இம்ரான் 113வது ஆயத்தில் அவனே சொல்கிறான்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்லாஹ்வைக் கண்ணால் காட்டு என்று மூஸா (அலை) அவர்களிடம் அடம்பிடித்த கூட்டம் பனூ இஸ்ராயீலில் இருந்தது. காளைக் கன்றைச் செய்து வணங்கிய கூட்டமும் இருந்தது. பிற்காலத்தில் "ஷிஊர் கோமா" என்ற பெயரில், இறைவனின் உறுப்புகளுக்கு நீள அகலம் சொல்லும் ஒரு ஏடு அவர்களிடையே உலவியது. ஸ்பெயின் தேசத்து இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள் தம்முடைய அல்ஃபிஸல் கிதாபில் அதைப் பிடித்துக்கொண்டு கடுமையாகச் சாடினார்கள். ஷஹ்ரஸ்தானி (ரஹ்) அவர்களும் யூதர்களிடையே தஷ்பீஹ், அதாவது படைப்பைப் போல் படைத்தவனைச் சித்திரிப்பது, பரவியிருந்ததை எழுதியிருக்கிறார்கள்.

இப்போது மறுபாதி. இஸ்லாம் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே தவ்ராத்தை அராமிய மொழியில் பெயர்த்த ஒரு பெயர்ப்பு யூதர்களிடம் இருந்தது. ஒன்கெலோஸ் பெயர்ப்பு என்பார்கள். யூதப் பள்ளிகளில் ஓதப்பட்ட பெயர்ப்பு அது. மூலத்தில் இறைவன் "இறங்கினான்" என்று இருந்தால் பெயர்ப்பில் "வெளிப்பட்டான்" என்று இருக்கும். இறைவனின் "பாதத்துக்குக் கீழே" என்று மூலத்தில் இருக்கும் இடத்தில், அவனுடைய "மகிமையின் சிம்மாசனத்துக்குக் கீழே" என்று பெயர்த்தார்கள். எழுத்தை எழுத்தாகப் பெயர்த்தால் பாமர மக்கள் உருவம் கற்பித்துவிடுவார்களே என்ற பயம்! ஹோரேப் மலையில் நீங்கள் சத்தத்தைக் கேட்டீர்கள், எந்த உருவத்தையும் பார்க்கவில்லை என்று பனூ இஸ்ராயீலுக்கு நினைவூட்டும் பகுதி இன்றைய தவ்ராத்திலும், உபாகமம் நான்காம் அதிகாரத்தில், இருக்கத்தான் செய்கிறது. நம்மில் பலர் கொச்சிக்குச் சுற்றுலா போனபோது மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட யூதப் பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இறைவனுக்கென்று ஒரு சிலையோ படமோ கிடையாது.

பிறகு இஸ்லாமிய ஆட்சியின் காலம். எகிப்தின் ஃபய்யூமில் 882ல் பிறந்து, இராக்கில் யூதர்களின் ஸூரா கல்விக்கூடத்துக்குத் தலைவராக வந்தவர் ஸஅத்யா. அரபியில் ஸயீத் அல்ஃபய்யூமி. நம் அகீதாவின் இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 324ல் வஃபாத்தானார்கள். இருவரும் ஒரே காலம், ஒரே இராக். ஸஅத்யா 933ல் அரபு மொழியில் எழுதிய அகீதா கிதாபில் ஒரு விதி சொல்கிறார். வேதச் சொல்லை வெளிப்படையான பொருளில்தான் எடுக்க வேண்டும். நான்கு இடங்களில் மட்டும் மாற்றலாம்: கண்ணால் காண்பதற்கு அது மாறாக இருந்தால், அறிவுக்கு மாறாக இருந்தால், வேதத்திலேயே இன்னொரு தெளிவான வசனத்துக்கு மாறாக இருந்தால், முன்னோர் வழியாக வந்த விளக்கத்துக்கு மாறாக இருந்தால். மதரஸாவில் உஸூல் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தெரியாது. இல்முல் கலாம் பேசப்பட்ட சபைகளின் காற்றைச் சுவாசித்தவர் அவர்.

இந்தியக் கடலில் தம்பியை இழந்தவர்

இந்த வரிசையில் பெரியவர் மூஸா இப்னு மைமூன். மேற்கே மைமோனிடீஸ் என்பார்கள். குர்துபாவில் பிறந்து, மிஸ்ரில் குடியேறி, சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் காழி அல்ஃபாழிலுக்கு மருத்துவராக இருந்து, 1204ல் இறந்தவர். நம் கடலோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. அவருடைய தம்பி தாவூத் வியாபாரி. குடும்பத்துப் பணத்தோடும் மற்றவர்கள் பணத்தோடும் கப்பலேறியவர் இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். அந்தத் துக்கத்தில் ஒரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்ததாக இப்னு மைமூன் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மலபாருக்கும், மஃபர் என்று அரபிகள் அழைத்த நம் கரைக்கும் அவர்கள் வந்துபோன கடல் அது. நூறு வருடம் கழித்து மார்க்கோ போலோ பார்த்து எழுதிய காயல் துறையும், அரபுக் குதிரைகள் இறங்கிய துறை, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில்தான் இருந்தது.

1190 வாக்கில் இப்னு மைமூன் "தலாலத்துல் ஹாயிரீன்" என்ற கிதாபை எழுதினார். மொழி அரபி, எழுத்து ஹீப்ரு. தலைப்பின் கருத்து, தடுமாறி நிற்பவர்களுக்கு வழிகாட்டுவது. யார் தடுமாறுகிறார்கள்? வேதத்தை நம்புகிறவன், அறிவையும் விட முடியாதவன், வேதத்தில் இறைவனின் கை, கால், முகம் என்று படித்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன். அந்தக் கிதாபின் முதல் அத்தியாயமே நம் பிள்ளையிடம் கேட்கப்பட்ட அந்த "சாயல்" பற்றித்தான். ஹீப்ரு மூலத்தில் "ஸெலெம்" என்று இருக்கிறது. அது உடல் வடிவத்தைக் குறிக்கும் சொல்லல்ல, ஒரு பொருளை அதுவாக ஆக்கும் உள்தன்மையைக் குறிக்கும், மனிதனில் அது அவனுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு என்று விளக்கினார். தவ்ராத் மனிதர்கள் பேசும் பாஷையிலேயே பேசுகிறது என்ற பழைய ரப்பிமார்களின் பேச்சை இதற்கு ஆதாரமாக எடுத்தார். ஷிஊர் கோமா ஏட்டை நம்முடைய அறிஞர்கள் எழுதியதே அல்ல என்று தள்ளினார். தம்முடைய சட்ட நூலில், இறைவன் ஒருவன்தான், ஆனால் அவனுக்கு உடலும் உருவமும் உண்டு என்று சொல்பவனை மார்க்கம் தப்பியவர்களின் பட்டியலில் சேர்த்தார்.

அங்கேதான் தகராறு வந்தது. தென் பிரான்சில் இருந்த ஆப்ரஹாம் பென் தாவித் என்ற பெரிய ரப்பி அந்த வரிக்கு எதிராகக் குறிப்பு எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? இறைவனுக்கு உடல் உண்டு என்று அவர் வாதாடவில்லை. வேத வசனங்களையும், அதைவிட அதிகமாகக் குழப்பும் கதைகளையும் பார்த்து இவரைவிடப் பெரியவர்கள், நல்லவர்கள் அப்படி நினைத்திருக்கிறார்களே, அவர்களை எப்படி மார்க்கம் தப்பியவர்கள் என்பீர் என்று கேட்டார். கருத்தில் இப்னு மைமூன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஃபத்வா கொடுப்பதில் எதிர்த்தவரின் நிதானத்தை நான் மதிக்கிறேன். அந்த நிதானம் அவர்களிடையே நிலைக்கவில்லை. 1232 வாக்கில் பிரான்சில் சில ரப்பிமார்கள் இப்னு மைமூனின் கிதாபுக்கே தடை போட்டார்கள்.

வாய்க்காலுக்கு வாய் உண்டா?

பாஷையின் விஷயத்துக்கு வருவோம். மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கால்வாய் ஓடுகிறது. கால்வாயில் கால் இருக்கிறது, வாயும் இருக்கிறது. புரட்டிப்போட்டால் வாய்க்கால். யாராவது அதற்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தோமா? தலைமடையில் தலை உண்டு. ஆறு கடலில் சேருமிடம் முகத்துவாரம், அதில் முகம் உண்டு. பாலத்துக்குக் கண் உண்டு. வயலில் நிற்கிற, எழுத்தறியாத நம் பாட்டனாருக்கு இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. எந்தச் சொல்லை எங்கே எப்படி எடுக்க வேண்டும் என்று பாஷையோடு பிறந்தவனுக்குத் தெரியும்.

அரபு மொழியும் அப்படித்தான். மாயிதா 64வது ஆயத்தைப் பாருங்கள். அல்லாஹ்வின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று யூதர்கள் சொன்னதாக அல்லாஹ் எடுத்துச் சொல்லிக் கண்டிக்கிறான். அவர்கள் கயிற்றால் கட்டிய கை என்றா சொன்னார்கள்? இல்லை, அல்லாஹ் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறான், கஞ்சத்தனம் செய்கிறான் என்ற பொருளில்தான் சொன்னார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை இமாம் தபரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். நம்மூரில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்போமே, அந்த மாதிரிப் பேச்சு. அதற்கு அல்லாஹ், அவனுடைய இரு கைகளும் விரிந்திருக்கின்றன, நாடியபடி கொடுக்கிறான் என்று பதில் சொல்கிறான். இதே வழக்கை மனிதனைப் பற்றியும் குர்ஆன் பயன்படுத்துகிறது. உன் கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, முழுக்க விரித்தும் விடாதே என்ற கருத்தில் பனூ இஸ்ராயீல் 29வது ஆயத். செலவு செய்வதைப் பற்றிய ஆயத் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் இமாம்கள் எடுத்த வழி

நமக்கு அடிப்படை, அவனைப் போன்று எதுவுமில்லை என்ற ஷூரா 11வது ஆயத். அது முஹ்கம், தெளிவானது. கை, முகம், அர்ஷின் மீது இஸ்திவா என்று வருபவை முதஷாபிஹ். தெளிவானதை விட்டுவிட்டு முதஷாபிஹின் பின்னால் ஓடுபவர்களைப் பற்றி ஆலு இம்ரான் 7வது ஆயத் எச்சரிக்கிறது.

முன்னோர்களான ஸலஃபுகளில் பெரும்பாலோர், வந்த சொல்லை நம்பினார்கள், எப்படி என்று கேட்கவில்லை, பொருளை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். இதற்குத் தஃப்வீழ் என்று பெயர். இஸ்திவாவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவரிடம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், அதை நம்புவது கடமை, எப்படி என்று கேட்பது பித்அத் என்ற கருத்தில் பதில் சொன்னது பிரபலமானது. பின்னால் வந்தவர்கள், மக்கள் உருவம் கற்பிக்கும் ஆபத்தைக் கண்டபோது, அரபு வழக்குக்கு ஏற்பத் தஃவீல் செய்தார்கள். கை என்பதற்கு ஆற்றல், அருள் என்று விளக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் மட்டுமா? அவனுடைய முகத்தைத் தவிர எல்லாம் அழியும் என்ற கருத்திலுள்ள கஸஸ் 88வது ஆயத்துக்கு, முகம் என்பதை ஆட்சி என்று விளக்கும் குறிப்பு ஸஹீஹுல் புகாரியின் தஃப்ஸீர் பகுதியிலேயே இருக்கிறது. நீங்கள் எங்கிருந்தாலும் அவன் உங்களோடு இருக்கிறான் என்ற ஹதீத் 4வது ஆயத்தை, தஃவீலே கூடாது என்பவர்களும், அறிவால் கூட இருக்கிறான் என்றுதான் விளக்குகிறார்கள்.

இப்போது ஆதம் (அலை) ஹதீஸுக்கு வருவோம். "அவனது ஸூரத்" என்பதிலுள்ள "அவன்" யார்? ஆதமையே குறிக்கும் என்றார்கள் சிலர். குழந்தையாகப் பிறந்து வளராமல், 60 முழமுள்ள முழு மனிதராக, அவருக்குரிய வடிவிலேயே படைக்கப்பட்டார் என்று பொருள். முஸ்லிமின் இன்னொரு அறிவிப்பில் (2612), சகோதரனோடு சண்டையிட்டால் முகத்தில் அடிக்காதீர்கள் என்ற தடையோடு இது வருகிறது. அங்கே, அடி வாங்குகிறவனின் முகமும் ஆதமின் முகம்தான், அதை அவமதிக்காதே என்று பொருள் என்றார்கள் இப்னு குஸைமா (ரஹ்). அல்லாஹ்வைத்தான் குறிக்கும் என்று வைத்தாலும், பைத்துல்லாஹ், அல்லாஹ்வின் வீடு என்கிறோமே, அவன் அங்கே குடியிருக்கிறான் என்றா பொருள்? கண்ணியப்படுத்துவதற்காகச் சேர்த்துச் சொல்வது. மூன்றும் வேண்டாம், எனக்கு ஒப்படைப்பதே போதும் என்பவருக்கு அதுவும் ஸலஃபின் வழி. பிள்ளையிடம் இவ்வளவையும் சொல்லலாம். தாங்கிக்கொள்வான்.

எல்லை எங்கே?

தஃவீல் என்ற கதவைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளியவர்களும் உண்டு. தொழுகைக்கு ஒரு உட்பொருள், நோன்புக்கு ஒரு உட்பொருள் என்று கடமைகளையே கரைத்த பாத்தினிய்யாக்களை எதிர்த்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தனிக் கிதாப் எழுதினார்கள். "மனசு சுத்தமா இருந்தாப் போதும், தொழுகையெல்லாம் அடையாளம்" என்று டீக்கடையில் பேசும் தத்துவம் அந்த வம்சம்தான். யூதர்களுக்கும் இந்த நோய் வந்தது. இப்ராஹீம் (அலை) அவர்களும் ஸாரா அம்மையாரும் மனிதர்களே அல்ல, வடிவமும் ஜடப்பொருளும்தான் என்று சிலர் பேசத் தொடங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1305ல் பார்சிலோனாவில் ரப்பி ஸாலமன் இப்னு அத்ரெத், 25 வயது ஆகும்வரை தத்துவம் படிக்கக்கூடாது என்று தடை போட்டார். அல்லாஹ்வின் ஸிஃபத்தைப் பற்றிய தஃவீல் வேறு. அவன் நம் மீது விதித்த கடமையைத் தஃவீல் செய்து தப்பிப்பது வேறு. முதலாவதைச் செய்த நம் இமாம்களில் ஒருவர்கூடத் தொழுகையை விட்டதில்லை.

நம் பகுதியில் இந்தத் தலைப்பு எங்கே வந்து நிற்கிறது? ஒலிபெருக்கி வைத்து, அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா இல்லையா என்று இரண்டு தரப்பு மேடை போடுகிறது. கீழே விசில் பறக்கிறது. மறுநாள் ஒருவருக்கொருவர் ஸலாம் இல்லை, ஒருவர் பின்னால் ஒருவர் தொழுவதில்லை, பேசி முடித்த சம்பந்தம் முறிகிறது. உருவம் உண்டு என்பவரும் அவனைப் போன்று எதுவுமில்லை என்ற ஆயத்தை ஓதத்தான் செய்கிறார். தஃவீல் செய்பவரும் கை பற்றிய ஆயத்தை மறுக்கவில்லை. அல்லாஹ்வைப் படைப்பைப் போல் ஆக்குவது தவறு என்பதில் நான் ஒரு அடியும் பின்வாங்க மாட்டேன். ஆனால் பாமர மக்களை இந்தச் சர்ச்சையில் இறக்காதீர்கள் என்பதற்காகவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் கடைசிக் காலத்தில் "இல்ஜாமுல் அவாம்" எழுதினார்கள். இல்ஜாம் என்றால் கடிவாளம் போடுவது. மேடை போடுபவர்களுக்குத்தான் இன்று அந்தக் கடிவாளம் தேவைப்படுகிறது.

ஒரே ஒரு ஹதீஸைச் சொல்லி நிறுத்துகிறேன். ஸஹீஹ் முஸ்லிம், 2569. கியாமத் நாளில் அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்பான். அடியான் திகைத்துப்போவான். நீ அகிலங்களின் ரப்பு, உன்னை நான் எப்படி நோய் விசாரிப்பது என்று கேட்பான். நோயும் பசியும் தாகமும் அல்லாஹ்வுக்குக் கிடையாது என்பது அந்த அடியானுக்கே தெரிகிறது. அப்போது அல்லாஹ்வே அந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுக்கிறான். என்னுடைய இன்ன அடியான் நோயாளியாகக் கிடந்தான், அவனை நீ பார்க்கப் போகவில்லை, போயிருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாய் என்பான். பிறகு உணவு கேட்டதும் தண்ணீர் கேட்டதும் அதே வரிசையில் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் அடியான் அதே கேள்வியைக் கேட்கிறான், அல்லாஹ் ஒரு ஆளைக் காட்டுகிறான்.